என்டர்பிரைஸ் குழுவுக்குக் கிடைக்காத வழியனுப்பு

நீங்கள் உயிராக நேசித்த ஓர் அறிவியல் புனைவுத் தொடரில் உங்களை மிகவும் ஏமாற்றிய எபிசோட் எது, அதற்குப் பிறகும் அந்தத் தொடரைப் பிறரிடம் பார்க்கச் சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' தொடரின் கடைசி எபிசோட், 'தீஸ் ஆர் த வாயேஜஸ்'. 2005 மே 13 அன்று ஒளிபரப்பானது. நான் பார்த்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் அந்த வருத்தம் இன்றுவரை ஆறவில்லை.

ஏன் என்று விளக்க வேண்டுமானால் முடிவு வரை கதையைச் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நேராகக் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுங்கள். அங்கே ஸ்பாய்லர் எதுவும் இல்லை.

ஸ்டார் ட்ரெக் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1966இல் கிர்க், ஸ்பாக் இருவரையும் வைத்துத் தொடங்கிய கதை இது. 1987இல் கேப்டன் பிக்கார்டோடு 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தது. அப்புறம் 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்'. இவை எல்லாவற்றிலும் மனிதர்களும் வேற்றுக்கிரகத்தாரும் சேர்ந்து அமைத்த ஃபெடரேஷன் என்ற கூட்டமைப்பு ஏற்கெனவே வேரூன்றி இருக்கும். 2001 செப்டம்பரில் தொடங்கிய 'என்டர்பிரைஸ்' மட்டும் கிர்க்குக்கும் நூறு ஆண்டுகள் பின்னால் போனது. கதையில் அது 2151. கூட்டமைப்பு இன்னும் பிறக்கவே இல்லை.

எனக்கு அந்தத் தொடர் பிடித்துப்போனதே இந்த ஒரு காரணத்தால்தான். மற்றக் கப்பல்களில் எல்லாம் தயாராக இருக்கும். இந்தக் கப்பலில் எதுவும் கிடையாது. பாதுகாப்புத் திரை இல்லை. இழுவைக் கதிர் இல்லாததால் கம்பியில் கொக்கி மாட்டி வீசி இன்னொரு கலத்தை இழுப்பார்கள். ஆட்களை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் ட்ரான்ஸ்போர்ட்டரில் ஏறி நிற்க அவர்களுக்கே உள்ளூரப் பயம். புது இனத்தாரைச் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஒரு விதிப் புத்தகம்கூட எழுதப்படவில்லை. தப்பு செய்வார்கள், அவமானப்படுவார்கள், கற்றுக்கொள்வார்கள். தன் அப்பா வடிவமைத்த எஞ்சினைக் கொண்ட கப்பலுக்குக் கேப்டனாக வரும் ஜொனாதன் ஆர்ச்சர், மனிதர்களை நம்பாமல் கண்காணிக்க வந்து கடைசியில் அவர்களில் ஒருத்தியாகவே ஆகிவிடும், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்துப் பெண் டிபால், எதையும் மனதில் மறைத்து வைக்கத் தெரியாத எஞ்சினியர் ட்ரிப். முதலில் இந்த மூவருக்காகத்தான் பார்த்தேன். போகப்போக எல்லோருக்காகவும்.

முதல் இரண்டு சீசன்கள் சுமார்தான். அதை மறைக்க மாட்டேன். மூன்றாவதில் கதை இறுகியது. பூமியில் 70 லட்சம் பேரைக் கொன்ற ஒரு தாக்குதல், அதைச் செய்தவர்களைத் தேடிப் போகும் பயணம். அந்தத் தாக்குதலில் இறந்தவர்களில் ட்ரிப்பின் தங்கை எலிசபெத்தும் ஒருத்தி. நான்காவது சீசனில் தொடரை நடத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேனி கோட்டோ ஏற்றார். அதன் பிறகு வந்ததை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. இரண்டு எபிசோட், மூன்று எபிசோட் என்று தொடர்கதைகளாகப் பிரித்து, 1966 தொடர் சொல்லாமல் விட்ட இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பினார். வல்கன்கள் எப்படித் தங்கள் பழைய ஞானத்துக்குத் திரும்பினார்கள், பழைய தொடரில் கிளிங்கன் இனத்தாரின் நெற்றி மட்டும் ஏன் மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது, ஒருவரையொருவர் வெறுத்த ஆண்டோரியர், டெல்லரைட் என்ற இரண்டு இனத்தாரும் எப்படி ஒரே மேசைக்கு வந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது. 'யுனைட்டட்' என்ற எபிசோடில் ஆண்டோரியத் தளபதி ஷ்ரானும் ஆர்ச்சரும் நேருக்கு நேர் மோதுவார்கள். கூட்டணி உடையக் கூடாது என்பதற்காகவே ஆர்ச்சர் அந்தச் சண்டையை ஏற்பார். கூட்டமைப்பின் முதல் செங்கல் அங்கே வைக்கப்படுவதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. ஷ்ரானாக நடித்த ஜெஃப்ரி கோம்ப்ஸ் திரையில் வந்துவிட்டாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொடரை நிறுத்தினார்கள். 2005 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் பணம் திரட்டிக்கூட இன்னொரு சீசனைக் காப்பாற்றப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஏழு சீசன் ஓடும் என்று நம்பியது நான்கோடு நின்றது. 1987இலிருந்து இடைவெளியே இல்லாமல் 18 ஆண்டுகள் தொலைக்காட்சியில் இருந்த ஸ்டார் ட்ரெக்கும் அதோடு ஓய்ந்தது. அடுத்த தொடர் வர 2017 ஆகிவிட்டது. ஆக, அந்தக் கடைசி எபிசோடின் தலையில் பெரிய சுமை இருந்தது. அது எனக்கும் புரிகிறது.

நான் என் தம்பியோடு சேர்ந்து பார்த்தேன். அவனுக்கு ஸ்டார் ட்ரெக் என்றால் 'என்டர்பிரைஸ்' மட்டும்தான். மற்றத் தொடர்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. ஒரே இரவில் கடைசி இரண்டு எபிசோடுகளையும் போட்டோம். 2005இல் அவை ஒளிபரப்பானதும் ஒரே இரவில்தான்.

முதலில் 'டெர்ரா பிரைம்'. வேற்றுக்கிரகத்தாரைப் பூமியை விட்டே விரட்ட வேண்டும் என்று ஒரு கும்பல் கிளம்புகிறது. மனிதனும் வல்கனும் கலந்தால் என்ன ஆகும் பாருங்கள் என்று காட்டிப் பயமுறுத்த, ட்ரிப், டிபால் இருவருடைய மரபணுவையும் திருடி ஒரு குழந்தையை உருவாக்கி வைத்திருக்கிறது. குழந்தையை மீட்கிறார்கள், ஆனால் அது பிழைக்கவில்லை. அதற்கு அவர்கள் எலிசபெத் என்று ட்ரிப்பின் தங்கை பெயரையே வைத்திருந்தார்கள். கும்பலை முறியடித்த பிறகு பல இனத் தூதர்கள் கூடிய அவையில் ஆர்ச்சர் எழுந்து பேசுகிறார். கலைந்துபோக இருந்த அவை எழுந்து நின்று கைதட்டுகிறது. கடைசிக் காட்சியில் ட்ரிப் அழுதுகொண்டே டிபாலிடம் சொல்கிறான்: குழந்தை இறந்ததற்குக் காரணம் அதை உருவாக்கியவர்கள் செய்த தவறு. ஒரு மனிதனும் ஒரு வல்கனும் பெற்றுக்கொள்ள நினைத்தால் அந்தக் குழந்தை நன்றாகவே இருக்கும். அவ்வளவுதான் வசனம். இருவரும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நமக்கு ஸ்பாக் நினைவுக்கு வருகிறார், வல்கன் அப்பாவுக்கும் மனித அம்மாவுக்கும் பிறந்தவர். யாரும் அவர் பெயரைச் சொல்லாமலே நூறு ஆண்டு தள்ளி இருக்கும் அந்த மனிதரை அந்தக் காட்சி தொட்டுவிடுகிறது. தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

அடுத்ததைப் போட்டோம். ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே ஆர்ச்சரின் கப்பல் அப்படியே உறைந்து நிற்கிறது. நடுவில் தாடி வைத்த ஒருவர் வந்து நிற்கிறார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, யாரு இவரு?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோடுக்கு நான் தரும் முழு விமர்சனமும். நான்கு ஆண்டுக் கதையை ஒன்று விடாமல் பார்த்த ஒருவனுக்குக் கடைசி எபிசோடின் கதாநாயகன் யார் என்று தெரியவில்லை.

வந்தவர் கமாண்டர் ரைக்கர். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கப்பலில் பிக்கார்டுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். அவர் நிற்பது இருநூறு ஆண்டுகள் கழித்து, ஹோலோடெக்கில். எந்த இடத்தையும் எந்தக் காலத்தையும் தத்ரூபமாக உருவாக்கிக் காட்டும் அறை அது. அவருக்கு ஒரு மனப்போராட்டம். பழைய தலைமை அதிகாரி ஒருவர் செய்த சட்டவிரோதக் காரியத்தைப் பிக்கார்டிடம் சொல்வதா வேண்டாமா என்று தவிக்கிறார். மனநல ஆலோசகர் டயானா ட்ராய் சொன்னதைக் கேட்டு, முடிவெடுக்க உதவியாக இருக்கும் என்று ஆர்ச்சர் குழுவின் கடைசிப் பயணத்தை ஓடவிட்டுப் பார்க்கிறார். ஆக நாம் பார்ப்பது ஆர்ச்சரை அல்ல, ட்ரிப்பை அல்ல. கணினி செய்து காட்டும் அவர்களுடைய பிம்பங்களை. வேண்டும்போது நிறுத்துகிறார்கள், வேறு காட்சிக்குத் தாவுகிறார்கள், உறைந்து நிற்பவர்களுக்கு நடுவில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். வீட்டுக்காரர்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டு விருந்தாளிகள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

எனக்கு ரைக்கரையும் ட்ராயையும் ரொம்பப் பிடிக்கும். 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னை முழுதாகப் பார்த்தவள் நான். அதனால்தான் இன்னும் வலித்தது. ரைக்கரின் அந்தத் தவிப்பு 1994இல் வந்த 'த பெகசஸ்' என்ற எபிசோடில் ஏற்கெனவே முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. மிக நல்ல எபிசோட் அது. அதில் ரைக்கர் கடைசி வரை உள்ளுக்குள் புழுங்குவார். கப்பல் ஒரு விண்கல்லுக்குள் மாட்டிக்கொண்டு, வேறு வழியே இல்லை என்ற நிலையில் எல்லோர் முன்னிலையிலும் உண்மையை உடைப்பார். அந்த முடிவு அவருடைய சொந்த முடிவு. அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை. இங்கே வந்து ஹோலோடெக்கில் பாடம் படித்துவிட்டுப் பிக்கார்டிடம் பேசத் தயாராகிவிட்டேன் என்று கிளம்புகிறார். பழைய கதையோடு இது ஒட்டவும் இல்லை. இரண்டு எபிசோடுகளுக்கும் நஷ்டம். தவிர, 'பெகசஸ்' பார்க்காத தம்பிக்கு எந்தக் கப்பல், என்ன சட்டம், ஏன் இந்த ஆள் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று கடைசி வரை பிடிபடவில்லை. நடுநடுவே நிறுத்தி நான் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விடைபெறும் நேரத்தில் அவன் மனதில் இருந்திருக்க வேண்டியது வேறு.

இனி கதைக்குள். 'டெர்ரா பிரைம்' முடிந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது 2161. கூட்டமைப்புக்கான சாசனத்தில் கையெழுத்திடும் நாள் நெருங்குகிறது. கப்பல் பத்தாண்டுச் சேவையை முடித்து ஓய்வுக்குப் போகிறது. அந்த ஆறு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பூமிக்கும் ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தாருக்கும் பெரிய போர் நடந்தது என்று 1966இலேயே 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' எபிசோடில் சொல்லிவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக் காலவரிசைப்படி அது 2156இல் தொடங்கி 2160இல் முடிகிறது. நான்காவது சீசன் முழுக்க அந்தப் போரின் நிழல் நீண்டுகொண்டே வந்தது. கடைசி எபிசோட் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது, போரைக் காட்ட ஒரு காட்சிகூட இல்லாமல். சரி, ஒரே எபிசோடில் போரைக் காட்ட முடியாது. ஆனால் போர் பார்த்து வந்தவர்களின் முகத்திலாவது அது தெரிய வேண்டாமா? அந்த முகங்களில் ஆறு ஆண்டே தெரியவில்லை. மொழி அதிகாரி ஹோஷியும் கப்பலை ஓட்டும் மேவெதரும் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் கப்பலில் ஏறியபோது இருந்த அதே என்சைன் என்ற கீழ்நிலை அதிகாரிப் பதவியில் இருக்கிறார்கள். பேசிப் பேசியே நாலு இனங்களைச் சேர்த்துவைத்த கப்பலில், மொழி தெரிந்த ஹோஷிக்குக் கடைசி எபிசோடில் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காட்சி இல்லை.

அப்புறம் ட்ரிப்பும் டிபாலும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இங்கே அவர்கள் பிரிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏன், எப்படி, யார் முதலில் விலகினார்கள்? ஒன்றுமே கிடையாது. பிரிந்ததில் எனக்குக் குறை இல்லை, பிரிகிறவர்கள் பிரியத்தான் செய்வார்கள். பொறுமையாக வளர்த்த ஓர் உறவை இரண்டு வரி வசனத்தில் முடித்து வைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

ட்ரிப்பின் சாவுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஷ்ரானின் மகளைச் சிலர் கடத்திவிடுகிறார்கள். தொடரின் முதல் எபிசோடில் இந்தக் குழு போய் இறங்கிய அதே ரைஜல் பத்து கோளில்தான் மீட்பு நடக்கிறது. குழந்தையை மீட்டுத் திரும்பும் வழியில் கடத்தல்காரர்கள் கப்பலில் ஏறிவிடுகிறார்கள். ஆர்ச்சரைக் காப்பாற்ற ட்ரிப் அவர்களைத் தந்திரமாகக் கூட்டிப்போய், ஒரு வெடிப்பை உண்டாக்கித் தன்னையும் சேர்த்துப் பலி கொடுக்கிறான். விண்மீன்களுக்கு இடையே நடந்த பேரழிவுகளை எல்லாம் தாண்டி வந்தவன், பெயர்கூட மனதில் நிற்காத நாலைந்து முரடர்களிடம் போய்ச் சேர்கிறான். அந்தக் கப்பலில் அவர்களைத் தடுக்க வேறு வழியே இல்லையா என்று தம்பி கேட்டான். இருந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. காவல் வீரர்கள் நிறைந்த கப்பல் அது.

அதைவிடக் கொடுமை, அவன் சாகப்போவது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவன் உயிரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாவம், தான் திரும்பப்போவதில்லை என்று இவருக்குத் தெரியாதே என்கிற தொனியில் ட்ராய் பேசிவிடுகிறார். அவருக்கு அது வரலாற்றுப் புத்தகத்தில் வரும் ஒரு பெயர். நமக்கு ட்ரிப். தங்கையைப் பறிகொடுத்துத் தூங்காமல் கிடந்த ட்ரிப்பை நாம் பார்த்திருக்கிறோம். குழந்தையைப் பறிகொடுத்ததை இப்போதுதான் பார்த்து முடித்தோம். அவன் சாவு ஒரு பாத்திரம் இன்னொரு முடிவை எடுக்க உதவும் எடுத்துக்காட்டாகச் சுருங்கிப்போனது. அழக்கூட வரவில்லை. அழ இடம் கொடுக்காமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காட்சி எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ட்ரிப்பின் அறையில் அவன் பொருள்களை டிபால் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். ஆர்ச்சர் வருவார். ட்ரிப்பின் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்பாள். டிபாலாக நடித்த ஜோலீன் பிளாலாக் முகத்தை அசைக்காமலே அந்தத் துக்கத்தைக் கொண்டுவந்திருப்பார். ஹோலோடெக் இல்லை, ரைக்கர் இல்லை, இரண்டு பேர் ஓர் அறையில். முழு எபிசோடும் இப்படி இருந்திருந்தால் ட்ரிப்பின் சாவைக்கூட நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அந்த எபிசோட் தனக்குப் பிடிக்கவில்லை என்று பிளாலாக்கே அப்போது வெளிப்படையாகச் சொன்னார்.

முடிவில் ஆர்ச்சர் மேடைக்குப் போகிறார். எபிசோட் முழுவதும் அவர் எழுதத் தவித்த உரை அது. கூட்டமைப்பு பிறக்கும் நாள். நான்கு ஆண்டுகள் நாம் நடந்து வந்தது இந்த மேடைக்காக. அவர் படியேறுகிறார், அரங்கம் காத்திருக்கிறது, மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரைக்கர் நிரலை நிறுத்தச் சொல்லிவிடுகிறார். ஆர்ச்சர் மறைகிறார், மேடை மறைகிறது, காலி அறை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி ரிமோட்டை எடுத்து, தான் எதையோ அழுத்திவிட்டோமா என்று பார்த்தான்.

இதை எழுதிய ரிக் பெர்மனும் பிரானன் பிராகாவும் 18 ஆண்டு ஸ்டார் ட்ரெக்குக்கும் அதன் ரசிகர்களுக்கும் சேர்த்து ஓர் அன்புக் கடிதமாகத்தான் இதை நினைத்தார்கள். அதை நான் நம்புகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிராகா பிற்பாடு இது தவறு என்று வருத்தமும் தெரிவித்தார். ஆனால் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. 1994இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முடிந்தபோது அந்தக் கடைசி எபிசோடை ரொனால்ட் மூரோடு சேர்ந்து எழுதியவரும் இதே பிராகாதான். ஏழு ஆண்டுகளாகத் தன் அதிகாரிகளின் சீட்டாட்டத்தில் ஒரு தடவைகூடக் கலந்துகொள்ளாத பிக்கார்ட், அன்று அறைக்கதவைத் தாண்டி உள்ளே வந்து, முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லி உட்காருவார். சீட்டைக் கலைத்துப் போடுவார். தொடர் முடிந்துவிடும். அந்த மேசையைச் சுற்றி அந்தக் குழுவைத் தவிர வேறு யாரும் இல்லை. வழியனுப்புவது எப்படி என்று தெரிந்தவர்தான் அவர். அந்த மரியாதையை ஆர்ச்சர் குழுவுக்கும் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். 18 ஆண்டுகளைக் கொண்டாட வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் தேடியிருக்கலாம். இவர்களுக்கு இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான்.

2007இல் வந்த ஒரு நாவலில் ட்ரிப் அன்று சாகவே இல்லை, அது திட்டமிட்டுப் பரப்பிய கதை என்று மாற்றி எழுதினார்கள். அதுவரை நான் போகவில்லை. திரையில் நடந்தது நடந்ததுதான். ஆனால் அந்தத் தேவை எழுத்தாளர்களுக்கே வந்திருக்கிறது பாருங்கள்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. பார்க்கச் சொல்வேனா? நிச்சயமாகச் சொல்வேன், இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சொல்வேன். முதல் எபிசோடான 'ப்ரோக்கன் போ'வில் தொடங்குங்கள். முதல் இரண்டு சீசன்களில் சலிப்பு வந்தால் சிலவற்றைத் தாண்டிக்கொள்ளலாம், ஆனால் ஷ்ரான் வரும் எபிசோட் எதையும் விடாதீர்கள். மூன்றாவது சீசனை வரிசை மாற்றாமல் பாருங்கள். நான்காவதில் 'த ஃபோர்ஜ்' தொடங்கி வரும் மூன்று எபிசோடுகளுக்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள், பாதியில் எழுந்துபோக மனம் வராது.

'டெர்ரா பிரைம்' வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். ரசிகர்களில் பலர் அதைத்தான் உண்மையான முடிவாக வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு உள்ளதையும் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னின் ஏழாவது சீசனில் 'த பெகசஸ்' பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்தி விளக்க ஓர் அக்கா தேவைப்படாது.